ஐந்நூறு மீட்டர் கீழே, அப்புறம் மேலே

மலையேறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கஷ்டமான பாதி முதலில் வந்துவிடும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஏறிவிட்டு, களைத்தபின் இறங்கலாம். பாதியில் முடியவில்லையா, திரும்பிவிடலாம். திரும்புகிற வழி எப்படியும் இறக்கம்தான். ஆழமான குகையில் கணக்கு தலைகீழ். இறங்குவதற்குப் பூமியே உதவி செய்கிறது. எங்கே திரும்புவது என்ற முடிவை நாம் நன்றாக, உற்சாகமாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும், அதற்கான விலையை அப்புறம்தான் கொடுக்கிறோம். கயிற்றில் ஏறப் பழகிய நாளிலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லித்தான் அனுப்பினார்கள். காதில் விழுந்தது. உடம்புக்குப் புரிந்தது பெர்ஜே குகையில்.

பிரான்சில் இருக்கும் கிரெனோபிள் நகரத்துக்கு வந்து சேர்ந்தது வேலைக்காக. இங்கே எந்தத் தெருவின் முனையில் நின்றாலும் ஒரு மலை தெரியும். மேற்குப் பக்கம் தெரிவது வெர்கோர். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மேலே விழுகிற மழை ஓடையாக ஓடாமல் பாறையின் விரிசல்களில் இறங்கிக் காணாமல் போய்விடும். பல லட்சம் வருடம் இப்படி இறங்கி இறங்கி உள்ளே கிணறுகளையும் சுரங்கங்களையும் குடைந்துவிட்டது. அப்படிப் பெர்ஜேக்குள் இறங்குகிற தண்ணீர், நகரத்தை ஒட்டியுள்ள சாசெனாஜ் என்ற ஊரில் இன்னொரு குகையின் வாயிலிருந்து ஆறாக வெளியே வருகிறது. அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். மேலே அந்தத் தண்ணீர் நுழைகிற கதை வேறு.

1953-ம் வருடம் மே மாதம், ஜோ பெர்ஜே என்ற கிரெனோபிள்காரர் நண்பர்களோடு வெர்கோரின் சோர்னான் பீடபூமியின் காட்டில் அலைந்தபோது ஒரு பள்ளத்துக்குள் இந்தத் துளையைக் கண்டுபிடித்தார். கடல் மட்டத்திலிருந்து 1460 மீட்டர் உயரம். உள்ளே போகப் போகக் குகை முடிவதாக இல்லை. 1956-ல் 1122 மீட்டர் ஆழத்தில், கூரைவரை தண்ணீர் நிறைந்து வழியை அடைத்த இடத்தில் போய் நின்றார்கள். ஒரு குகைக்குள் மனிதர்கள் ஆயிரம் மீட்டர் ஆழத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. இன்று அப்காசியாவில் இருக்கும் வெர்யோவ்கினா குகையில் 2200 மீட்டருக்கும் கீழே போய்விட்டார்கள். ஆழப் பட்டியலில் பெர்ஜே எங்கோ பின்னால் கிடக்கிறது. ஆனாலும் குகைக்காரர்கள் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், டீக்கடையில் பழைய கிரிக்கெட் மேட்ச் பேச்சு எழுந்தபோது நடப்பதுதான் நடக்கும். ஆளாளுக்கு ஒரு கதை வெளியே வரும்.

எங்கள் திட்டம் அடிவரை போவது இல்லை. பதின்மூன்று பேர் மண்டபம் என்று ஒரு இடம், கிட்டத்தட்ட 500 மீட்டர் ஆழத்தில். அதுவரை போய் அதே நாளில் திரும்புவது. கோடையில் பல சங்கங்கள் சேர்ந்து முகாம் போட்டு குகை முழுவதும் கயிறு கட்டி வைத்திருப்பார்கள்; குழுக்கள் முறை வைத்து இறங்கலாம். நாங்கள் ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற தபால்காரர், அறுபதைத் தாண்டியவர். மாரத்தான் ஓடுகிற ஒரு பையன். ஒரு நர்ஸ். அவளுடைய கணவர், அதிகம் பேசாதவர். அப்புறம் நான்.

ஒரு நாள் தள்ளிப்போட்டோம், காரணம் வானிலை. ஆல்ப்ஸில் கோடை மதியங்களில் இடியும் மழையும் சொல்லாமல் வரும். மேலே பெய்வது சில மணி நேரத்தில் கிணறுகள் வழியாகக் கீழே கொட்டும். பெர்ஜேயில் வெள்ளத்தில் சிக்கி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் தபால்காரர் முந்தைய நாள் முழுக்கச் செய்தது வானிலை அறிக்கை பார்ப்பதும், மேகத்தைப் பார்ப்பதும், மறுபடியும் அறிக்கை பார்ப்பதும்தான். மறுநாள் காலை வானம் சுத்தமாக இருந்தது. முகாமில் இருந்த பெண்ணிடம் எச்சரிக்கை நேரம் எழுதிக் கொடுத்தோம்: அதிகாலை 3 மணி. அதற்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும்.

லா மோலியேர் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கார் நிற்கும் இடம் குகை வாயைவிட உயரத்தில் இருக்கிறது. போகும்போது சுகமான இறக்கம். பைன் மரங்கள், மழையில் கரைந்து கத்தி மாதிரி கூர்ந்த பாறைகள், இடையில் காட்டு ஸ்ட்ராபெரி. தபால்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், "ரசிச்சு நட. ராத்திரி இதே வழியில்தான் ஏறணும்."

குகை வாயில் ஒன்பது மணிக்கு உடை மாற்றினோம். உள்ளே கம்பளி போன்ற ஒரே துண்டு உடுப்பு, மேலே தடித்த பிளாஸ்டிக் உறை, ரப்பர் பூட்ஸ், கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. ஆமாம், கடையில் சமையலறைப் பகுதியில் விற்பதேதான். அதைவிட நல்லதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்த அலுமினியத் தாள் போர்வை. இடுப்பில் ஹார்னஸ் என்கிற வார்ப்பட்டை, அதன் நடுவில் அரைவட்டமாக ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தில்தான் எல்லாம் தொங்குகிறது: இறங்கும் கருவி, மார்போடு ஒட்டி நிற்கும் ஏறும் கருவி, ஒன்று குட்டையும் ஒன்று நீளமுமாக முனையில் கொக்கி மாட்டிய இரண்டு பாதுகாப்புக் கயிறுகள்.

இறங்கும் கருவியில் கயிறு இரண்டு உருளைகளைச் சுற்றி வளைந்து போகும். கைப்பிடியை அழுத்தினால் இறங்கும், விட்டால் நிற்கும் என்று கடையில் சொல்வார்கள். உண்மையான பிரேக் அது இல்லை. கருவியிலிருந்து கீழே தொங்கும் கயிற்றை வலது கை பிடித்திருக்கிறதே, அதுதான் பிரேக். அந்தக் கை எதற்காகவும் விடக்கூடாது. மூக்கு அரித்தால் இடது கை இருக்கிறது.

நாற்பது மீட்டர் கிணறு என்றால் நாற்பது மீட்டர் கயிறு ஒரே மூச்சில் தொங்குவதில்லை. கயிறு பாறையில் உரசினால் ஏறுகிறவருடைய ஒவ்வொரு அசைவிலும் அதே இடம் அறுபடும். அதனால் உரசக்கூடிய இடத்தை ஒட்டியே பாறையில் இன்னொரு ஆணி அடித்து, கயிற்றை அங்கே மறுபடி கட்டியிருப்பார்கள். அந்த இடத்தை வெறும் காற்றில் தொங்கியபடி கடக்க வேண்டும். ஆணிக்கு நேராக வந்ததும் குட்டைக் கயிற்றின் கொக்கியை அதில் மாட்டு. இன்னும் கொஞ்சம் இறங்கு, உடம்பின் எடை முழுக்க அந்தக் கொக்கிக்குப் போகட்டும். கருவியை மேல் கயிற்றிலிருந்து கழற்று. கீழ்க் கயிற்றில் மாட்டு. பூட்டு. இப்போது கொக்கியை எடுக்க வேண்டும், ஆனால் அதில்தான் நீ தொங்கிக்கொண்டிருக்கிறாய். அங்கே தொய்வாக விட்டிருக்கும் கயிற்று வளையத்தில் காலை வைத்து ஒரு கணம் எழுந்து நின்று எடை குறைந்ததும் கொக்கியைக் கழற்று. கழற்றுவதற்கு முன்னால் கருவியை ஒரு தடவை பார். பார்த்தாயா? இன்னொரு தடவை பார். அப்புறம் கீழே இறங்கி, கயிற்றை விட்டு விலகி நின்று, "லீப்ர்!" என்று கத்து. கயிறு காலி, அடுத்தவர் வரலாம் என்று அர்த்தம்.

ஆழ்குகை என்றதும் துணிச்சல் என்கிறார்கள். இதில் துணிச்சலுக்கு வேலை ரொம்பக் குறைவு. ஒரே காரியத்தை நூறாவது தடவையும் முதல் தடவை போலச் செய்கிறவர்தான் இங்கே கெட்டிக்காரர். துணிச்சல்காரர்களைத் தபால்காரர் குழுவில் சேர்ப்பதே இல்லை.

ரூயிஸ் கிணறு 27 மீட்டர். கேர்ன் கிணறு 35. கார்பி 38. கடைசியில் ஆல்டோ, 42. கேர்னைத் தவிர மற்றவை முதல் வருடங்களில் இறங்கியவர்களுடைய பெயர்கள். அவர்களிடம் நமது கருவிகள் எதுவும் இல்லை. மெல்லிய இரும்பு வடத்தில் அலுமினியப் படி கோத்த ஏணிகளைச் சுருட்டிச் சுமந்துபோய்த் தொங்கவிட்டார்கள். அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1952-ல், பிரனீஸ் மலையில் பியேர் சேன் மார்ட்டன் குகையில் வின்ச் எந்திரம் வைத்து இரும்பு வடத்தில் ஆளை இறக்கினார்கள். மேலே தூக்கும்போது வடத்தை ஹார்னஸோடு பிணைத்திருந்த பிடி கழன்று மார்செல் லூபன்ஸ் விழுந்து இறந்தார். தான் எப்படி மேலே வருகிறோம் என்பது கயிற்றின் மறுமுனையில் இருக்கிற இன்னொருவர் கையில், ஒரு எந்திரத்தின் கையில் இருந்த காலம் அது. கயிற்றைப் பாறையில் கட்டிவிட்டு மனிதரே அதைப் பற்றி ஏறுகிற முறைக்கு வந்து சேர இன்னும் சில வருடம் ஆனது. அதற்கான வேலையில் நிறைய இந்த ஊர்ப் பக்கம்தான் நடந்தது. 1940-களில் கிரெனோபிளுக்கு வடக்கே ‘டான் த க்ரோல்’ என்ற மலையின் குகையில் பியேர் ஷெவாலியே குழு நைலான் கயிற்றை எடுத்துப்போனது. 1947-ல் உலகிலேயே ஆழமான குகை அதுதான். அந்தக் குழுவில் ஃபெர்னான் பெட்ஸில் என்ற கைவினைஞர் இருந்தார். அவருடைய பட்டறையில் தொடங்கியதுதான் இன்று என் மார்பிலும் கையிலும் இருக்கிற பெட்ஸில் கருவிகள். கம்பெனி இப்போதும் க்ரோல் ஊரில்தான் இருக்கிறது.

கேர்னுக்கும் கார்பிக்கும் நடுவில் வளைவுப் பாதை என்று ஒன்று வரும். தண்ணீர் அறுத்த ஒடுக்கமான பிளவு. அகலம் சில இடங்களில் தோள் அளவு, ஆழம் விளக்குக்கு எட்டாது. அடியில் இறங்கிப் போக முடியாது, மேல் மட்டத்திலேயே இரண்டு சுவர்களுக்கும் நடுவே உடம்பை முட்டுக்கொடுத்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும். சில இடங்களில் பழைய மரக்கட்டைகள் குறுக்கே செருகியிருக்கின்றன. அதை நம்பிக் காலை வைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. தபால்காரரும் சொல்லவில்லை. ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டுதான் வைத்தேன். முதுகில் போட இடமில்லாததால் பையைக் கையில் இழுக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், மாற்று உடுப்பு, அடுப்பு எல்லாம் உள்ளே இருக்கிற நீளமான உருளைப் பை. ஒவ்வொரு வளைவிலும் அது எதிலாவது மாட்டிக்கொள்ளும். எல்லா மொழியிலும் அதைத் திட்டியாகிவிட்டது. தமிழில் திட்டினால்தான் அசைந்தது என்பது என் அனுபவம்.

ஆல்டோவில் இறங்கியதும் உலகம் மாறிவிடுகிறது. அதுவரை கை நீட்டினால் சுவர். இப்போது ஆழம் 250 மீட்டர், கால் ஊன்றி நிற்கிறோம், விளக்கைத் திருப்பினால் எதிரே எதுவும் இல்லை. பெரிய கூடம் இங்கே தொடங்குகிறது. முதலில் பார்த்தவர்கள் இங்கே ஓடுகிற தண்ணீருக்கு நட்சத்திரமில்லா ஆறு என்று பெயர் வைத்தார்கள். கடோ ஏரி வந்தது. மழை அதிகமான வருடங்களில் இதைத் தாண்ட ரப்பர் படகு வேண்டும். அன்றைக்கு முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். அதன்பிறகு பெரிய இடிபாடு. கூரையிலிருந்து விழுந்த பாறைகளின் சரிவு, ஒவ்வொன்றும் கார் அளவு, சில லாரி அளவு. அதில் ஏறி, இறங்கி, சறுக்கி, வழி காட்டும் எதிரொளிப் பட்டைகளைத் தேடித் தேடிப் போனோம். ஐந்து விளக்குகளும் சேர்ந்து கூரையைக் காட்டவில்லை.

பதின்மூன்று பேர் மண்டபத்தை அடைந்தபோது மதியம் ஒன்றரை. தபால்காரர் எல்லோரையும் ஒரு பாறைமேல் உட்காரச் சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த பெரிய விளக்கைப் போட்டார். தரையிலிருந்து கல்முளைகள் வீட்டு உயரத்துக்கு எழும்பி நின்றன. தேன் நிறத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் பால் வெள்ளையில் ஒன்று. அவற்றின் காலடியில் வரிசை வரிசையாகக் குட்டைகள். தண்ணீர் வழிந்து வழிந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தைப் படியவிட்டு, தானே தன்னைச் சுற்றி விளிம்பு கட்டிக்கொண்டிருக்கிறது. சில விளிம்புகள் விரல் உயரம், சில இடுப்பு உயரம். ஒன்றின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன்: விளிம்பின் மேல் ஒரு மயிரிழை கனத்தில் தண்ணீர் வழுக்கிக்கொண்டிருந்தது. எந்த வேகத்தில் கட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, கட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நடக்கும் வழி குறித்திருக்கிறார்கள். அதை விட்டு ஒரு அடி வைத்தால் சேற்றுக் கால்தடம் அந்த வெள்ளையில் அப்படியே இருக்கும்.

பார்ப்பதற்குக் கிடைத்தது அரைமணி நேரம்கூட இல்லை. உட்கார்ந்தால் குளிர் ஏறுகிறது. குகைக்குள் எந்த மாதமும் பத்து டிகிரிக்குக் கீழேதான், காற்று முழுக்க ஈரம். சூப் கொதிக்க வைத்தோம், சீஸும் ரொட்டியும். நான் கொண்டுபோன கடலை மிட்டாயைத் தபால்காரர் வாயில் போட்டு மென்று, கையை நீட்டி இன்னொன்று கேட்டார். குகைக்கென்றே செய்தது போல இருக்கிறதாம்: நசுங்காது, நனைந்தாலும் கெடாது, கையுறையோடு எடுக்கலாம். நர்ஸும் நானும் தள்ளிப் போய் ஒரு பாறைக்குப் பின்னால் ஹார்னஸ், பிளாஸ்டிக் உறை, உள் உடுப்பு எல்லாவற்றையும் கழற்றி, பாட்டிலில் சிறுநீர் கழித்து, மூடி, பையில் வைத்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்டினோம். கால்மணி நேரம் அதற்கே போனது. ஆண்கள் எழுதும் குகைக் கட்டுரைகளில் இந்தக் கால்மணி நேரம் ஏனோ வருவதே இல்லை.

அப்புறம் மேலே.

இடிபாட்டில் ஏறி ஆல்டோவின் அடிக்கு வரும்போது மாலை நான்கு தாண்டிவிட்டது. கயிற்றில் ஏறுவது எப்படி என்றால், தென்னை ஏறுகிறவர் தளைநாரில் ஏறுவதே அடிப்படை. கையிலிருக்கும் கருவியை எட்டிய மட்டும் மேலே தள்ளு. அதிலிருந்து தொங்கும் வளையத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து எழுந்து நில். நிற்கும்போது மார்பிலிருக்கும் கருவி கயிற்றில் மேலே வழுக்கும். உட்கார், அது பற்களால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கிடைத்தது நாற்பது சென்டிமீட்டர். ஆல்டோவுக்கு இதை நூறு தடவைக்கு மேல் செய்ய வேண்டும். கையால் தொங்கி ஏறப் பார்ப்பவர்கள் பத்தாவது மீட்டரிலேயே தீர்ந்துபோவார்கள். எழுந்து நிற்பது கால்களின் வேலை, கை வழிகாட்டினால் போதும்.

மாரத்தான் பையன் முதலில் ஏறினான். எண்ணெய் போட்ட எந்திரம் போல விளக்கு மேலே போனது, நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். அப்புறம் காத்திருப்பு. ஒரு துண்டுக் கயிற்றில் ஒரு ஆள்தான். மேலேயிருந்து "லீப்ர்!" வரும்வரை கீழே நான்கு பேர், அப்புறம் மூன்று பேர். வியர்வை ஆறிக் குளிராகிறது. தபால்காரர் அலுமினியப் போர்வையை விரித்து, எங்களைக் குந்தவைத்துத் தலைக்கு மேலே மூடி, நடுவில் ஒரு சின்ன மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தார். நம்ப மாட்டீர்கள், ஐந்து நிமிடத்தில் உள்ளே கதகதவென்று ஆகிவிட்டது. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, மெழுகு வாசனையில், அவர் தான் தபால் கொடுத்த கிராமங்களில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை. முதல் இருபது மீட்டர் நன்றாகவே போனது. அப்புறம் மார்புக் கருவி வழுக்க ஆரம்பித்தது. பற்களுக்கு நடுவே சேறு அடைத்தால் கயிற்றைக் கவ்வாது. எழுந்து நின்று உட்கார்ந்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறாய். எடை முழுக்கக் கையிலிருக்கும் கருவிக்குப் போகும்படி மாறிக்கொண்டு, கழுத்தில் நூலில் கட்டியிருந்த பல் தேய்க்கும் பிரஷை எடுத்துப் பல் பல்லாகத் தேய்த்தேன். இடுப்புக்குக் கீழே பை ஊசலாடி என்னையும் சுழற்றியது. சுவர், இருட்டு, சுவர், இருட்டு. அதற்குள் ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டும், ஆனால் தொங்கிக்கொண்டே அசையாமலும் இருக்கக்கூடாது. ஹார்னஸில் அசைவில்லாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கிச் சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. களைப்பில் நின்றுவிட்ட ஆளை ஏன் உடனே போய் இறக்குகிறார்கள் என்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த நிலைமை எங்களுக்கும் கிட்டத்தட்ட வந்தது. கார்பியில், பாதிக் கிணற்றில், மாரத்தான் பையனின் விளக்கு அசையவில்லை. "என்ன?" என்று கத்தினால், "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தது, ஆனால் குரல் சரியில்லை. ஆல்டோவில் ஓடியதெல்லாம் இங்கே கணக்கில் வந்துவிட்டது. தபால்காரர் கீழேயிருந்து சத்தம் போடவில்லை. பேச்சுக்குரலில், "பத்து தடவை எழுந்து நில். பத்து மட்டும். எண்ணு, எனக்குக் கேட்கணும்" என்றார். மேலேயிருந்து எண்ணிக்கை வந்தது. பத்து முடிந்ததும் மூச்சு விடச் சொல்லி, காலை ஆட்டச் சொல்லி, இன்னொரு பத்து. அப்படியே ஆணிக்குப் போய், அடுத்த துண்டுக்கு மாறி, மேலே போய்ச் சேர்ந்தான். நாங்கள் ஏறியதும் அவனுக்குச் சர்க்கரைக் கட்டியும் கடைசிக் கடலை மிட்டாயும் கொடுத்தோம். அவனுடைய பையை நர்ஸின் கணவர் கேட்காமலேயே எடுத்துத் தன் பையோடு மாட்டிக்கொண்டார். அன்று முழுக்க அவர் செய்த பெரிய பேச்சு அதுதான்.

தபால்காரர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்குச் சோம்பலாக இருக்கும். எழுந்து நிற்பார், உட்கார்வார், ஒரு மூச்சு. எழுந்து நிற்பார், உட்கார்வார், ஒரு மூச்சு. காலையில் ரூயிஸ் பக்கத்தில் பேசிய அதே வேகம். ஒரு இடத்திலும் வேகம் கூட்டவில்லை, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பையனைவிடப் பாதி பலம்தான் இருக்கும், ஆனால் அதை அவர் 500 மீட்டருக்குப் பங்கு போட்டு வைத்திருந்தார். நான் அதன்பிறகு அவருடைய மூச்சுக்கு என் மூச்சை வைத்துக்கொண்டேன்.

வளைவுப் பாதையைப் பற்றி எழுத விருப்பமில்லை. இறங்கும்போது எழுதியதையே எடுத்து, இரண்டு மடங்கு நேரமும் மூன்று மடங்கு வசவும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரூயிஸ் உச்சிக்கு வந்தபோது இலை மக்கிய வாசனை வந்தது. நாள் முழுக்க மூக்குக்கு வெறும் ஈரக் கல்லும் சேறும்தான். அதனால் அந்த வாசனை மூக்கில் அடித்தது. வெளியே வரும்போது மணி பதினொன்றேகால். பதினான்கு மணி நேரம். முழங்கை, முழங்கால், இடுப்பெலும்பு எங்கும் வலி, பசி தெரியவில்லை, தாகம் மட்டும். அதன்பிறகு காலையில் சிரித்துக்கொண்டே இறங்கிய காட்டு வழி. நனைந்த கயிற்றுக் கருவிகளையும் சேறு அப்பிய உடுப்பையும் முதுகில் சுமந்து ஒன்றரை மணி நேரம் ஏறினோம். யாரும் பேசவில்லை. அன்றைய நாளின் மிக மோசமான பகுதி அதுதான் என்று ஐந்து பேரும் பின்னால் ஒத்துக்கொண்டோம்.

காருக்குக் கொஞ்சம் முன்னால்தான் போனில் சிக்னல் வந்தது. நர்ஸ் முகாமுக்குச் செய்தி அனுப்பினாள்: ஐந்து பேரும் வெளியே, எல்லோரும் நலம். அனுப்பிய அடுத்த நொடியே பதில் வந்துவிட்டது. அந்தப் பெண் தூங்கவே இல்லை போலிருக்கிறது.

முகாமில் சூப் சூடாக இருந்தது. மறுநாள் இறங்க வேண்டிய குழுவில் இரண்டு பேர் எழுந்து வந்து, கையில் குகை வரைபடத்தோடு எங்கள் எதிரே உட்கார்ந்தார்கள். எப்படி இருந்தது, அழகாக இருந்ததா என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. கார்பியில் இரண்டாவது ஆணியில் கயிறு உரசுகிறதா, கடோவில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார்கள். உரசவில்லை, முழங்காலுக்குக் கீழே என்றேன். வரைபடத்தில் குறித்துக்கொண்டு தூங்கப் போனார்கள்.